கஞ்சிக்குள் இருக்கும் புரதம்

புதுச்சேரியின் அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், அங்கு வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளை மெல்லிய பருத்தித் துணிக்குச் சாயமேற்றியவையாகக் கருதினார். புதுச்சேரியிலிருந்து பின்னாளில் செனகலுக்குச் சென்று அங்கு வேலம்பிசினுக்கு மாற்றாகக் கைமாறிய ‘கினே’ துணியும் அவுரி நீலத்தாலேயே பெயர்பெற்றது. சாயத்துக்குக் கிடைத்த இந்தக் கவனம் கஞ்சிக்குக் கிடைத்ததில்லை. தறியின் உராய்வில் பாவுநூல் அறுந்துபோகாதிருக்க, அதைப் பாவடி எனப்படும் திறந்தவெளியில் நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவி உலர்த்தாமல் தமிழ்நாட்டு நெசவாளர் நெய்ததில்லை.

நூலுக்கு உறுதி தருவது தானியத்தின் மாவுச்சத்து. அதனுடன் வரும் புரதம் தானியத்துக்குத் தானியம் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவினால் மாவுச்சத்து கரைந்தோட, குளுட்டன் என்னும் இழுபடும் புரதம் கையில் எஞ்சும் என்பதை இத்தாலியின் பொலோஞா நகரத்து பெக்காரி 1728இல் விளக்கினார். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப் பால் பிழிவோர் சக்கையோடு ஒதுக்குவதும் பெரும்பாலும் அதைத்தான். குளுட்டன் நீங்கிய பாலே கிளறக் கிளறக் கண்ணாடிபோல் தெளிகிறது, ஆனால் அதிலிருந்து உப்பும் ரொட்டி சுட முடியாது. கோதுமை மாவையே கஞ்சியாக்கிய இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளோ, குளுட்டன் சிதையும்வரை மாவை வாரக்கணக்கில் புளிக்கவிட்டன. சிதையாத புரதம் கஞ்சியைச் சீரற்றதாக்கியதோடு, கப்பலில் நெடுநாள் கிடந்த துணியில் பூஞ்சணம் பிடிக்கவும் இடமளித்தது.

அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடுதான் எனினும், அதன் பெரும்பகுதியான குளுட்டெலின் நீரில் கரையாமல் நுண்ணிய மாவுமணிகளை நெருக்கமாகச் சூழ்ந்திருப்பதால் கழுவிப் பிரிக்க இயலாது. நீர்த்த காரச்சோடாவில் ஊறவைத்து அதைக் கரைக்கும் முறைக்கு ஆங்கிலேயரான ஒர்லாண்டோ ஜோன்ஸ் 1840இல் காப்புரிமை பெற்றார். அதன்பின்பே தூய வெண்மையான அரிசி மாவுச்சத்து பெருமளவில் சலவைக்கு வந்தது. புரதம் நீங்கிய அரிசிமாவு நீரை விரைந்து ஏற்கும். வெந்து உப்பிய மணிகளை இறுக்கிப் பிடிக்கும் வலை இல்லாததால், கலக்கும்போது எளிதில் குலையும். பழைய அரிசி உதிரியாகவும் புது அரிசி குழைந்தும் வேகுவதற்கு, இருப்பில் இந்த வலையின் கந்தகப் பிணைப்புகள் பெருகுவதும் ஒரு காரணம்.

பாவடியில் இத்தகைய பிரிப்புக்குத் தேவை எழாததை அறியாமை என்று கொள்வது பொருந்தாது. அன்று காய்ச்சி அன்றே தடவும் கஞ்சி புளித்துக் கெட நேரமில்லை. தடவிய பாவும் வெயிலில் உடனே உலர்ந்துவிடும். புரதத்தைத் தொல்லையாக மாற்றியவை ஆலையின் கொள்ளளவும் கடல்வழிச் சேமிப்புமே.