முட்டையைத் திருப்பியது யார்?

கி.மு. 42ஆம் ஆண்டு. ரோமில் லிவியா கருவுற்றிருந்தாள். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள, ஒரு கோழிமுட்டையைத் தன் உடற்சூட்டிலேயே பொரிக்க வைத்தாளாம். கொண்டையுள்ள சேவல் பொரிந்தது, மகனும் பிறந்தான். அவன்தான் பின்னாளில் பேரரசனான டைபீரியஸ். பிளினியும் சூட்டோனியஸும் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, கதையின் ஓரத்தில் ஒரு செய்தி ஒதுங்கிக் கிடக்கிறது. லிவியா முட்டையைத் தன்னிடமிருந்து எடுக்க வேண்டி வந்தபோது, சூடு ஆறாமல் தாதியின் மார்புக்கு மாற்றிக் கொடுத்தாள் என்கிறார் பிளினி. பணிப்பெண்களும் அவளும் மாறிமாறிக் கையில் பொத்தி வைத்திருந்தார்கள் என்கிறார் சூட்டோனியஸ். கோழிமுட்டை பொரிய 21 நாள் ஆகும். அந்த 21 நாளும் ஓயாத கைகளில் ஒன்றுக்குத்தான் பெயர் இருக்கிறது.

செயற்கை அடைகாப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சூட்டின் வரலாற்றையே எழுதுகிறார்கள்: சாணக்குவியல், மண்ணடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, மின்சாரம் என்று அது நீளும். எனக்குத் திருப்புவதைப் பற்றிப் பேச வேண்டும். சூட்டைக் கோழியின் உடம்பு தருகிறது. திருப்புவதையோ கோழி செய்கிறது. அது உழைப்பு.

அடைக்கோழி சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். கொங்குப் பக்கம் அவயக்கோழி என்பார்கள். கூடையருகே சற்று நேரம் இருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். அலகால் முட்டைகளைத் தன் பக்கம் இழுத்து உருட்டும். ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடுமுட்டையை ஓரத்துக்கும் தள்ளும். இராத்திரியிலும் இது நடக்கும். காரணம் இதுதான்: மஞ்சள்கரு லேசானது, மேலே மிதந்து வரும். அதன் உச்சியில்தான் கரு இருக்கிறது. அசைவில்லாமல் கிடந்தால் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு வளராமல் போகும். நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை திருப்புவதுதான் மிக முக்கியம் என்று 1957இல் டி.ஏ.டி. நியூ என்ற ஆய்வாளர் காட்டினார். பொரிக்காத முட்டையைக் கூமுட்டை என்கிறோம், மனிதரையும் அந்தச் சொல்லால் ஏசுகிறோம். பல நேரம் குற்றம் முட்டையில் இல்லை, திருப்ப ஆளில்லாததில் இருக்கிறது.

எகிப்தில் 2000 ஆண்டுகளுக்கும் மேலாக மண் அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே நேரத்தில் பொரித்து வந்திருக்கிறார்கள். சூடு சரியா என்று பார்க்க, தொழிலாளி முட்டையைத் தன் கண்ணிமையில் வைத்துப் பார்ப்பார். முட்டைகளைத் திருப்புவதும் கையால்தான். இந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குத் தொழில் ரகசியமாகப் போயிற்று. பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் இதை வியந்து 1749இல் ஒரு நூலே எழுதினார். கோழி செய்தால் இயல்பு, வீட்டுப்பெண் செய்தால் பழக்கம், ஆண் கூலிக்குச் செய்தால் கலை. சமையலில் தொடங்கிப் பேறுகாலம் வரை நாம் பார்த்துச் சலித்த கணக்குதான் இது.

1879இல் கலிபோர்னியாவின் பெடலூமாவில் லைமன் பைஸ் விற்பனைக்கேற்ற இன்குபேட்டரை உருவாக்கினார். விளக்குச் சூட்டில் இயங்கிய அந்தக் காலத்துப் பெட்டிகளில் திருப்பும் வேலை மனிதக் கைகளிடமே இருந்தது. முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுவைத்து, எது மேலே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருப்ப வேண்டும். அமெரிக்கப் பண்ணை வீடுகளில் கோழி பெண்களின் பொறுப்பு, முட்டை விற்ற காசும் பெரும்பாலும் அவர்கள் கையில். நம் ஊரில் அதற்குச் சிறுவாடு என்று பெயர். கணவன் கண்ணில் படாமல் அரிசிப் பானையில் கிடந்து, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கும் திடீர்க் காய்ச்சலுக்கும் வெளியே வரும் பணம்.

பெரிய பொரிப்பகங்கள் வந்த பிறகு அந்தக் காசுக்கு என்ன ஆயிற்று? 1923இல் டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ ஊரில் செசில் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டார். பொரிப்பகம் 500 அனுப்பிவிட்டது. அவர் திருப்பி அனுப்பவில்லை. கொட்டகை போட்டு வளர்த்தார். பிழைத்த 387 கோழிகளை இறைச்சிக்காக பவுண்டு 62 சென்டுக்கு விற்றார். அமெரிக்கக் கறிக்கோழித் தொழில் அங்கே தொடங்கியது என்பார்கள். அவருடைய முதல் கொட்டகை நினைவுச் சின்னமாக இன்றும் இருக்கிறது. தொழிலோ குழுமங்களுக்கும் ஒப்பந்தப் பண்ணைகளுக்கும் போய்விட்டது.

கோழிக்கு நேர்ந்ததும் இதில் சேர்த்தி. அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். அதனால் நம் கிராமங்களில் அதைத் தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகைச் செருகுவார்கள், அடை தெளியட்டும் என்று. முட்டைத் தொழில் இன்னும் ஒரு படி மேலே போனது. அடைக்கு உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டி வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கோழி இடும், காக்காது. அந்த இனத்தில் பொரியும் சேவற்குஞ்சுகள் முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது என்று முதல் நாளே கொல்லப்படுகின்றன. லிவியா வேண்டிக் காத்திருந்த சேவல் இங்கே கழிவு. ஆணுக்கும் பெண்ணுக்கும் விலை வைப்பது இயற்கை அல்ல, சந்தை.

இன்று தமிழ்நாட்டில் நாட்டுக்கோழி வளர்ப்போர் பலர் இன்குபேட்டரை வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். ஒரு தெர்மாகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, 37.5 டிகிரியைத் தாண்டினால் பல்பை அணைக்கும் சிறு கருவி, பழைய கம்ப்யூட்டரின் காற்றாடி, ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். சூட்டுக்கு இவ்வளவு போதும். திருப்பத்தான் ஆள் வேண்டும். நாளொன்றுக்கு ஒற்றைப்படையாக, மூன்று அல்லது ஐந்து முறை. அப்போதுதான் நீண்ட இரவுப் பொழுது ஒவ்வொரு நாளும் ஒரே பக்கமாகக் கழியாது. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிடலாம். 50 முட்டையை ஐந்து முறை வீதம் 18 நாள் திருப்பினால் 4500 தடவை. பெட்டியைச் செய்தவர் வேலைக்குப் போன பிறகு வீட்டில் இருப்பவள்தான் மூடியைத் திறந்து அந்த 4500 தடவையும் திருப்புகிறாள்.

இந்த இடத்தில்தான் மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டார் வந்து சேர்கிறது. நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான் சுற்றும். அதன் அச்சில் ஒரு கம்பியை மாட்டி, மறுமுனையை முட்டைகள் நிற்கும் சட்டத்தில் கோக்கிறார்கள். மோட்டார் சுற்றச் சுற்ற, சட்டம் முன்னும் பின்னும் நகர்ந்து முட்டைகளை உருட்டுகிறது. ஒரு டைமரும் சேர்த்துவிட்டால் இரண்டு மணிக்கு ஒருமுறை தானாகத் திருப்பும். பெரிய பொரிப்பகங்களில் தட்டுகள் மணிக்கு ஒருமுறை 45 பாகை சாய்ந்து இதே வேலையைச் செய்கின்றன. நல்ல கருவிதான். அடுப்படிக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடியவளுக்கு மூச்சுவிட நேரம் தருகிறது. அந்த நேரம் அவளுடையதாகவே இருக்குமா, குஞ்சு விற்ற காசு யார் பைக்குப் போகும் என்பதை மோட்டார் முடிவுசெய்வதில்லை.

அரசின் கணக்கு என்ன சொல்கிறது? தேசிய மாதிரி ஆய்வில் வீட்டுவேலை மட்டும் செய்பவருக்கு எண் 92. அதோடு வீட்டுத் தேவைக்கு விறகு, தீவனம் சேகரிப்பவருக்கும் தைப்பவருக்கும் எண் 93. இவ்விரு எண்ணுக்குரியவர்களும் உழைப்பாளர் கணக்கில் வருவதில்லை. 2011-12 சுற்றில் இவர்களிடம் வீட்டுக் கோழிகளைப் பராமரிப்பது உண்டா என்று தனியாகக் கேட்டார்கள். ஆம் என்று சொன்னாலும் எண் மாறவில்லை.

மோட்டாருக்கும் டைமருக்கும் ஆன சில நூறு ரூபாயை எல்லோரும் செலவில் எழுதுகிறார்கள். கையால் திருப்பிய 4500 தடவையை யாரும் எழுதவில்லை. வீட்டில் இன்குபேட்டர் ஓடும் தோழிகள் ஒரு நோட்டு வாங்கி, முதல் வரியில் அதை எழுதுங்கள். தண்ணீர் ஊற்றியது, மின்சாரம் போன இரவில் விழித்திருந்தது, பொரிந்த குஞ்சுக்குக் குருணை வைத்தது எல்லாம் அடுத்த வரிகளில் வரட்டும். குஞ்சு விற்கிற நாளில் அந்த நோட்டோடு போய் உங்கள் பங்கைக் கேளுங்கள். இந்த முறை அரிசிப் பானையில் ஒளித்துவைக்க வேண்டாம்.