நெடும் செக்மேட் சோதனை

கணினிச் சதுரங்க நிரல் ஒன்று, எதிராளி எப்படி ஆடினாலும் தப்பமுடியாத செக்மேட்டைக் கண்டுபிடிக்கிறதா, அதுவும் மிகக் குறைந்த நகர்த்தல்களில் முடிக்கிறதா என்று அளக்கும் முறை. இரண்டும் வேறுவேறு திறன்கள். வெல்வதற்கு முதலாவது போதும்; 12 நகர்த்தலில் முடிவதை 20இல் முடிப்பதும் வெற்றியே. சோதனையோ இரண்டையும் தனித்தனியே எண்ணுகிறது.

ஸ்டாக்ஃபிஷ் நிரலுக்கான மேட்ட்ராக் தொகுப்பில் ஏறத்தாழ 6,500 நிலைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு தேடல் தரப்படுகிறது. வலுவான நிரலே சிறந்த விடை காணும் என்று நம்பிவிடக் கூடாது. ஆட்ட நிரல்கள் பயனற்றவையாகத் தோன்றும் தேடல் கிளைகளை வெட்டியே வேகம் பெறுகின்றன. ஒருவர் தம் முறையை விட்டுக்கொடுத்தாலும் நிலைமை சாதகமாகவே இருந்தால், அந்தக் கிளையை மேலும் ஆராய்வதில்லை. நகர்ந்தாக வேண்டிய கட்டாயமே கேடாகும் நிலைகளில் இந்தக் கணிப்பு பொய்க்கிறது. செக் சொல்லாத அமைதியான நகர்த்தல்களும் அப்படியே நழுவுகின்றன.

இவ்வகை அமைதியான நகர்த்தலுக்குப் புகழ்பெற்ற சான்று நம் மண்ணில் பிறந்தது. டெல்லியில் பாதிரியாராக இருந்த ஹென்றி அகஸ்டஸ் லவ்டே 'ஷாகிர்த்' என்ற புனைபெயரில் அனுப்பிய 'இந்தியப் புதிர்' 1845இல் லண்டனில் வெளியானது. மந்திரி தொலைவுக்குப் பின்வாங்க, அதன் வழியை யானை மறிக்கிறது. அகப்பட்ட கறுப்பு ராஜாவுக்கு நகர இடம் கிடைத்ததும் யானை விலகி, நான்காம் நகர்த்தலில் செக்மேட். நீளம் குறைவானாலும் கருத்தின் ஆழம் வியக்கவைப்பது.

ஏழு காய்கள் வரையிலான இறுதியாட்டங்களில் நீளத்தின் உச்சம், மாஸ்கோவில் 2012இல் உருவான லோமனோசோவ் அட்டவணைகளில் கிடைத்தது: 549 நகர்த்தல்கள். அது தேடலால் அன்று, முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பெறப்பட்டது.