ஒளிப்படத்தின் கூர்மை: ஒரு வரலாற்று நோக்கு

டிஜிற்றல் ஒளிப்படத்தின் கூர்மையைக் கமராவிலேயே கூட்டுவதா, பின்னர்க் கணினியில் அமைத்துக்கொள்வதா என்னும் வினா புதியதாகத் தோன்றினும் அதன் வேர் பழைமையானது. படத்தின் தெளிவை யார், எக்கட்டத்தில் தீர்மானிப்பது என்பதே அதன் உட்கிடை.

இலங்கையோடு தொடர்புடைய இருவரை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். 1815 இல் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையார், இங்கிலாந்திற் புகழ்பெற்ற பின்னர் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். வில்லையை மேலும் திருகாது, தம் கண்ணுக்கு அழகு புலப்பட்ட இடத்திலேயே அவர் நிறுத்திவிடுவார். படங்கள் மங்கலானவை எனப் பலர் கண்டித்தனர். சரியான குவியம் இதுவென வரையறுக்கும் உரிமை யாருக்குண்டு என 1864 இல் வானியலறிஞர் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் வினவினார். கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் (1900–1944) வேறு நெறியினர். எதிர்ப்படங்களை இணைத்தும், இருட்டறையில் மீண்டும் ஒளிபடச் செய்து உருவங்களின் விளிம்பிற் கோடுகளை எழுப்பியும் அவர் படைத்தார். கமரா அவருக்குத் தொடக்கம் மாத்திரமே.

இன்றைய கூர்மையாக்கமும் இருட்டறையிலேயே பிறந்தது. எதிர்ப்படத்திலிருந்து வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்ட நேர்ப்படமொன்றை எடுத்து, இரண்டையும் பொருத்தி அச்சிடுவர். பரந்த ஒளி வேறுபாடுகள் தணிய, நுண்ணிய விளிம்புகள் மேலெழும். மங்கலைக் கொண்டு தெளிவை வருவித்த இவ்வுபாயம் வியப்புக்குரியதே. அவுஸ்திரேலியாவில் டேவிட் மாலின் 1970களில் இம்முறையால் வானியற் படங்களின் ஒளிமிகுந்த பகுதிகளில் மறைந்திருந்த நுண்ணிய விபரங்களைப் புலப்படுத்தினார். 1990 இல் வெளிவந்த போட்டோஷொப் மென்பொருளிலும் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்னும் அப்பழைய பெயரே நிலைத்தது.

கமரா இதே கணிப்பைக் கணப்பொழுதிற் செய்து ஜேபெக் கோப்பாகத் தருகின்றது. கல்யாணப் படங்களை அன்றே கொடுக்கவேண்டிய கல்முனை ஸ்டூடியோக்காரருக்கு அது போதும், குறைகூற இடமில்லை. ஆனால் அக்கணிப்பு விளிம்பின் ஒளிர்ந்த பக்கத்தை மேலும் ஒளிர்வித்து, இருண்ட பக்கத்தை மேலும் இருளச் செய்வதேயன்றிப் புதிய விபரம் எதனையும் சேர்ப்பதில்லை. மாவடிப்பள்ளி வயலோரத்துத் தென்னையை வானம் பின்னணியாக அமையப் படமெடுத்து, கூர்மையை மிகையாக்கினால் ஓலையைச் சுற்றி வெண்கோடொன்று தோன்றும். வயலில் அக்கோடு இல்லை. ஊரின் பழைய பள்ளிவாசற் சுவரையோ கையெழுத்துப் பிரதியையோ ஆவணமாக்குவோர்க்கு இது சிறு விடயமன்று. ஜேபெக்கிற் பதிந்த கோட்டை முற்றாக நீக்க இயலாது. 'றோ' எனப்படும் மூலக்கோப்பு இருந்தாற் கணினியில் எத்தனை முறையும் புதிதாகத் தொடங்கலாம். அச்சுக்கு ஓர் அளவு, திரைக்கு வேறோர் அளவு எனக் கூர்மையை வகுக்கவும் முடியும்.

வென்ட் மறைந்தபின் அவருடைய எதிர்ப்படங்கள் அழிக்கப்பட்டன. 1950 இல் லண்டனில் அவர் படத்தொகுதி வெளிவந்தபோது எஞ்சியிருந்தவை அவர் அச்சிட்ட தாள்களே. அவற்றில் இருளாக விடப்பட்ட பகுதிகளில் என்ன இருந்ததென இனி எவராலும் அச்சிட்டுப் பார்க்க முடியாது.