இரண்டாவது அம்பு

பாரிசவாதம் கண்டவர் உயிர் தப்பினார் என்று வைத்தியர் சொன்னதும் சுற்றத்தார் அச்சம் நீங்கி ஆறுதல் அடைவர். நோயாளிக்கோ துன்பம் அப்போதுதான் தொடங்குகின்றது. நேற்றுவரை ஏவல் கேட்ட கை இன்று பாரமாய்க் கிடக்கின்றது. நாவின் நுனியில் நின்ற சொல் வெளிவர மறுக்கின்றது. மறுபடியும் வந்துவிடுமோ என்னும் ஏக்கம் இரவின் உறக்கத்தைக் கெடுக்கின்றது. இந்நோயினின்றும் பிழைத்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வு என்னும் வேறொரு நோய்க்கும் ஆளாகின்றனர். மனஞ் சோர்ந்தவர் கைகாற் பயிற்சியிலும் ஊக்கங் கொள்ளார். ஆதலின் உடலும் தேறுவதற்குத் தாமதிக்கின்றது.

மேனாட்டு மருத்துவம் இந்நோயின் உடற்கூற்றை அறிவதற்கே நெடுங்காலம் சென்றது. 1658ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டு வைத்தியரான யோகான் யாக்கோப் வெப்பர் என்பார், இந்நோயால் இறந்தோரின் மூளையை அறுத்து ஆராய்ந்து, மூளையினுள்ளே குருதி பெருகியிருத்தலைக் காட்டினார். குருதிக் குழாய் அடைபடுதலாலும் நோய் நேர்வது பின்னர்த் தெளிவாயிற்று. அடைப்பைக் கரைக்கும் மருந்து அமெரிக்காவில் இந்நோய்க்கென அனுமதிக்கப்பட்டது 1996ஆம் ஆண்டிலேதான். இவ்வளவும் மூளையைப் பற்றிய வரலாறு. நோயாளியின் மனத்தில் நிகழ்வதைப் பற்றிய வரலாறு வேறொரு திசையிலிருந்து, அதுவும் நம் நாட்டின் வழியாக வந்தது என்பதைப் பலர் அறியார்.

பாளி மொழியிலுள்ள பௌத்த நூல்களுள் சல்ல சுத்தம் என ஒன்றுண்டு. சல்லம் என்றால் அம்பு. அம்பு தைத்த ஒருவன் உடலில் நோவு அடைகின்றான். அந்நோவை எண்ணி அழுது புலம்பும்போது அவன்மீது இரண்டாவது அம்பொன்றும் தைக்கின்றது. முதலாவது அம்பு எவர்க்கும் தப்பாது. இரண்டாவதைத் தவிர்க்கப் பழகலாம் என்பதே அதன் கருத்து. பழகும் வழியைக் கூறுவது சதிபட்டான சுத்தம். உடல், நுகர்ச்சி, மனம், மனத்தில் எழும் பொருள்கள் என்னும் நான்கினையும் உள்ளது உள்ளபடி நோக்கியிருத்தலை அது விரித்துரைக்கின்றது. வாய்மொழியாக வழங்கிய இந்நூல்கள், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், மாத்தளைக்கு அணித்தேயுள்ள அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டன என்பது இலங்கையின் மரபு.

சதி என்னும் பாளிச் சொல்லுக்கு நேர்ப்பொருள் நினைவு. தமிழிற் பௌத்தத்தை எழுதியோர் இதனை நற்கடைப்பிடி என்றனர். கடைப்பிடி என்பதை இன்று வினையாகவே வழங்குகின்றோம். பழந்தமிழில் அது கொண்டதை மறவாமையைக் குறிக்கும் பெயர்ச்சொல். இத்துணைப் பொருத்தமான சொல்லைக் கைவிட்டு விழிப்புணர்வு முதலிய புதுச்சொற்களைத் தேடுவானேன் என்று கேட்டால் தவறில்லை. ஆங்கிலத்தில் இதற்கு மைண்ட்புல்னஸ் என்னும் சொல்லை நிலைபெறச் செய்தவர் றைஸ் டேவிட்ஸ் என்னும் அறிஞர். இவர் 1860களில் இலங்கை நிருவாக சேவையில் அமர்ந்து காலியிலும் அனுராதபுரத்திலும் பணியாற்றியவர். இங்கேயே பிக்கு ஒருவரிடம் பாளி பயின்றவர். 1881ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் அச்சொல் இடம் பெற்றது.

சொல் ஏட்டில் இருந்தது. பயிற்சியை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர் ஜேர்மனியிற் பிறந்து இலங்கையைத் தாயகமாகக் கொண்ட ஞானபொனிக்க தேரர். யூதக் குடும்பத்தில் 1901ஆம் ஆண்டிற் பிறந்த இவர், இட்லரின் ஆட்சி எழுந்த பின் 1936ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து துறவு பூண்டார். உலகப் போர் மூண்டதும், ஜேர்மனியர் என்ற காரணத்தால் பிரித்தானிய அரசு இவரைத் தியத்தலாவையிலும் பின்னர் இந்தியாவில் டேராடூனிலும் தடுப்பு முகாமில் வைத்தது. பகைவனாற் பகைக்கப்பட்டவரைப் பகைவன் என்றே அடைத்து வைத்த விந்தை அது! முகாமிலும் இவர் நூலாராய்ச்சியை விடவில்லை.

1952ஆம் ஆண்டில் இவர் பர்மாவுக்குச் சென்று, இரங்கூனில் மகாசி சயாடோ என்னும் பெரியாரிடம் இப்பயிற்சியை நேரிற் கற்றார். மகாசியார் இதனைத் துறவிகளுக்கு மட்டும் உரியதென வைத்திருக்கவில்லை. கடைக்காரர், எழுதுவினைஞர், இல்லத்தரசியர் எனப் பொதுமக்களுக்கும் கற்பித்தார். அவ்வனுபவத்தைக் கொண்டு ஞானபொனிக்கர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1954ஆம் ஆண்டிற் கொழும்பில் வெளிவந்தது. கூட்டாமலும் குறைக்காமலும், நன்று தீது என்று தீர்ப்பளியாமலும் வெறுமனே கவனித்தல் என்பதே அந்நூலின் உயிர்நிலை. கண்டியில் உடவத்தகலைக் காட்டிலுள்ள குடிலில் நெடுங்காலம் வாழ்ந்து, 1994ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அந்நூலைத் தம் எழுத்துக்களிற் சுட்டுவோருள் ஒருவர் ஜோன் கபாட் சின் என்னும் அமெரிக்கர். இவர் மூலக்கூற்று உயிரியல் கற்றவர்; வைத்தியர் அல்லர். 1979ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மன அழுத்தத்தைத் தணிக்கும் பயிற்சிக் கூடமொன்றை இவர் தொடங்கினார். மருந்தாற் பயன் காணாத நெடுநாள் நோயாளரை அனுப்பி வைக்குமாறு வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டார். பயிற்சிக் காலம் எட்டுக் கிழமைகள். மதச் சடங்கோ சமயக் கொள்கையோ அதில் இல்லை. படுத்தபடியே கால்விரல் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வோர் உறுப்பாக மனத்தைச் செலுத்துவது அதன் முதற் பாடம்.

பாரிசவாதம் கண்டவர்க்கு இப்பாடம் எளிதன்று. உணர்ச்சியற்ற பக்கத்துக்கு மனம் வந்து சேரும்போது, இழப்பே முன்னிற்கும். அவ்விடத்தில் கையை அசைக்க முயல வேண்டா, வருந்தவும் வேண்டா, அங்கே உள்ளது எதுவோ அதனை, ஒன்றுமில்லையாயின் அந்த ஒன்றுமில்லாமையை நோக்குக என்பர் பயிற்றுவோர். ஏக்கம் எழுந்தால் அதனையும் ஏக்கம் என்று அறிந்து விடவேண்டும். சொல்லிழந்தவர்க்கு நீண்ட விளக்கம் உதவாது. சிறு வாக்கியமும் மூச்சுமே போதும். தனித்திருந்து உடலை உற்று நோக்குவதால் அச்சம் மிகுபவரும் உளர். ஆதலின் பயிற்சி பெற்றவர் அருகிருத்தல் நன்று.

இதனாற் பயன் உண்டா? 2013ஆம் ஆண்டில் ஆய்வாளர் சிலர், பாரிசவாதம் கண்டோரிடம் இப்பயிற்சியைச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டி நோக்கினர். தேறியவை நான்கே, அவற்றிற் பங்குகொண்டோர் 160 பேர். மனக்கவலை, சோர்வு, களைப்பு ஆகியன தணிவதற்கான அறிகுறிகள் தென்பட்டன. ஆயினும் அத்தொகை சிறிது. மருந்தைப் போல உறுதியாகப் பரிந்துரைக்க அது போதாது. இதனைச் சர்வரோக நிவாரணி போல விற்கும் வாணிபம் பின்னர்ப் பெருகியிருப்பதால் இவ்வளவை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. செயலிழந்த கையை இப்பயிற்சி எழுப்பாது. இரத்த அழுத்தத்துக்குரிய மருந்தையும் உடற்பயிற்சியையும் விட்டு இதனைப் பிடித்தல் பேதைமை. அதன் எல்லை இரண்டாவது அம்புதான்.

இதனை வாழ்ந்து காட்டும் நிலை ஒரு பெரியாருக்கு வாய்த்தது. வியட்நாமியத் துறவியான திக் நாட் ஹான், நடையிலும் மூச்சிலும் கடைப்பிடி கொள்ளுதலை உலகெங்கும் கற்பித்தவர். போருக்கு எதிராகப் பேசியதால் 1966ஆம் ஆண்டு முதல் நாடிழந்து பிரான்சில் வாழ்ந்தவர். 2014ஆம் ஆண்டு நவம்பரில், 88ஆம் வயதில், அவருடைய மூளையிற் குருதி பெருகியது. வலப்பக்கம் செயலிழந்தது. நூற்றுக்கணக்கான சொற்பொழிவுகள் ஆற்றிய நாவுக்குப் பேச்சு மீளவேயில்லை. நடையைத் தியானமாக்கியவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தார். ஆசிரியர் இனிப் பேசார் என்றறிந்த மாணவர் பலர் கண்ணீர் விட்டனர்.

அவரோ நான்காண்டுகள் சென்றபின், தாம் பதினாறாம் வயதிற் புகுந்த ஹுவே நகரத்துத் து ஹியூ கோயிலுக்கே திரும்பினார். மாணவர் நாற்காலியை மெல்லத் தள்ளிச்செல்ல, கோயில் வளவிலுள்ள மரங்களையும் குளத்தையும் இடக்கையாற் சுட்டிக் காட்டியபடி உலாவி வருவார். 2022ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் அக்கோயிலிலேயே அவர் காலமானார்.