'முஸ்லிம்களுக்கு மட்டும்': மூவார் டோபி விவகாரம் பேச்சுரிமை பற்றி என்ன சொல்கிறது?

"இந்த நாட்டுல எதையும் பேசவே கூடாதா?" 3ஆர் என்ற சொல் செய்தியில் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. இனம், மதம், ஆட்சியாளர்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் 3ஆர் என்கிறோம். 2017-இல் ஜொகூரில் நடந்த ஒரு விவகாரம் இந்த மூன்றையுமே தொட்டது. அதை வைத்தே புரிந்துகொள்ளலாம், வாங்க.

என்ன நடந்தது?

2017 செப்டம்பரில், மூவாரில் ஒரு சுயசேவை டோபி கடை 'முஸ்லிம்களுக்கு மட்டும்' என்று அறிவிப்பு வைத்தது. அந்தப் படம் சமூக வலைத்தளங்களில் பரவியது. 2024 முதல் மாமன்னராக இருக்கும் சுல்தான் இப்ராஹிம் அப்போது ஜொகூர் சுல்தான். ஜொகூர் எல்லா இன, மத மக்களுக்கும் சொந்தமானது, இது தாலிபான் நாடல்ல என்று அவர் கண்டித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு, கடையை எல்லாருக்கும் திறந்துவிட்டார்.

அதோடு முடியவில்லை. சுல்தானின் நிலைப்பாட்டைத் தன் உரையில் விமர்சித்த ஒரு சமய போதகர் அக்டோபரில் கைது செய்யப்பட்டார். அவர்மீது 1948 தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் விசாரணை நடந்தது. அதே மாதம் 10-ஆம் தேதி, நாட்டின் ஒற்றுமை குறித்து மலாய் ஆட்சியாளர்கள் கூட்டாகக் கவலை தெரிவித்தனர்.

இது இரண்டு வேறு கேள்விகள்

அறிவிப்புப் பலகை வெறும் கருத்து அல்ல. ஒருவருக்குச் சேவையை மறுக்கும் செயல். போதகர் செய்தது பேச்சு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? பலகை இறங்கியது சுல்தானின் சொல்லால்; நீதிமன்றத் தீர்ப்பால் அல்ல. அரசமைப்பின் 8-ஆவது பிரிவு சமத்துவம் பேசினாலும், அது முக்கியமாக அரசையும் சட்டங்களையும்தான் கட்டுப்படுத்துகிறது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது?

10-ஆவது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமை தருகிறது. ஆனால் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நாடாளுமன்றம் அதற்கு வரம்பு விதிக்கலாம். 1969 மே 13 கலவரத்துக்குப் பின், 1971-இல் ஒரு திருத்தம் வந்தது. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் மற்றும் சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்குவதைத் தடை செய்ய அது வழிவிட்டது.

ஆனால் அவற்றை நடைமுறைப்படுத்தும் விதத்தைப் பற்றிப் பேச இடம் இருக்கிறது. "ஒதுக்கீடு இந்த ஆண்டு எப்படிப் பகிரப்பட்டது?" என்று கேட்பது வேறு; "ஒதுக்கீடே கூடாது" என்பது வேறு. ஆட்சியாளர் ஒரு நடவடிக்கையில் தவறிவிட்டார் என்று சுட்டிக்காட்டுவது மட்டுமே நிந்தனை ஆகாது என்றும் அதே 1948 சட்டம் சொல்கிறது. சிக்கல் என்னவென்றால், சொன்னவரின் நோக்கம் முக்கியமில்லை, சொல்லின் போக்குதான் முக்கியம் என்றும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் 'கோடு தெளிவாக இல்லை' என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள்.

நம்ம பக்கமும் பார்ப்போம்

ஐந்தாம் படிவப் பாடநூலான 'இண்டர்லோக்' நாவல் ஞாபகம் இருக்கா? அதில் சாதியைக் குறிக்கும் ஒரு சொல்லை இந்தியர் அமைப்புகள் எதிர்த்தன. இலக்கியத்தில் கைவைக்கக் கூடாது என்று இன்னொரு தரப்பு வாதிட்டது. 2011-இல் அந்த நூலை மீட்டுக்கொள்ள அரசு முடிவு செய்தது. அன்று கட்டுப்பாடு கேட்டவர்கள் நாம். வேறொரு நாள் பேச்சுரிமை கேட்பவர்களும் நாமாக இருக்கலாம். மாணவர் கையில் கட்டாயமாகக் கொடுக்கும் பாடநூலும் கடையில் கிடைக்கும் நாவலும் ஒன்றா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

ஷேர் பண்ணுவதற்கு முன்

மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இது ஒரு முடிவை, கொள்கையை விமர்சிக்கிறதா, இல்லை ஓர் இனத்தையே இழிவுபடுத்துகிறதா? இதனால் யாருக்காவது சேவையோ உரிமையோ மறுக்கப்படுகிறதா? இதே வரியை நம் இனத்தைப் பற்றி வேறொருவர் எழுதியிருந்தால், அவருக்கும் அந்த உரிமை உண்டு என்று சொல்வோமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.