தீயணைப்புத் துறை இணைப்பு

தீயணைப்புத் துறை இணைப்பு என்பது, தீயணைப்பு வண்டியின் பம்பிலிருந்து கட்டடத்தின் தானியங்கித் தெளிப்பான்களுக்கும் நிலைக்குழாய்களுக்கும் நீரைச் செலுத்துவதற்காகக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் அமைக்கப்படும் நுழைவாய் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இதன் வடிவமைப்பைத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ 13 (தெளிப்பான்கள்), என்.எஃப்.பி.ஏ 14 (நிலைக்குழாய்கள்) ஆகிய நியமங்கள் வரையறுக்கின்றன. இரட்டை வாய் கொண்ட வகை, ஒட்டிப் பிறந்த இரட்டையரை நினைவூட்டுவதால் 'சயாமிய இணைப்பு' என்றும் அழைக்கப்படுகிறது.

இது தெளிப்பான்களின் முதன்மை நீர்மூலம் அன்று. கட்டடத்தின் பம்பு பழுதானாலோ, நகரக் குழாயில் அழுத்தம் குறைந்தாலோ, எதிர்பார்த்ததைவிட அதிகமான தெளிப்பான்கள் திறந்துகொண்டாலோ கைகொடுக்கும் துணை மூலமாகும்.

அமைப்பு

வழக்கமான இணைப்பில் 2½ அங்குல (65 மி.மீ.) விட்டமுள்ள இரண்டு வாய்கள் இருக்கும். உள்ளிருக்கும் மடல், ஒரு வாயில் மட்டும் குழாய் பூட்டப்பட்டிருக்கும்போது மற்றொன்றின் வழியாக நீர் வெளியேறாமல் தடுக்கிறது. அடுத்து ஒருவழி வால்வு ஒன்று அமையும். அதற்கு முன்னால் தேங்கும் நீர், உறைபனியில் குழாயை வெடிக்கச் செய்யாதபடி, தானாக வடிந்துவிட வழி செய்யப்படும். இந்தப் பாதையில் அடைப்பு வால்வு எதுவும் அனுமதிக்கப்படுவதில்லை. அப்படி ஒன்று இருந்தால் என்றேனும் ஒருநாள் யாரோ அதை மூடிவைத்துவிடுவார்கள் என்பதே காரணம்.

பல தொகுதிகள் உள்ள கட்டடங்கள்

ஈரக்குழாய்த் தொகுதி ஒன்று மட்டும் உள்ள கட்டடத்தில், இணைப்பு அத்தொகுதியின் கட்டுப்பாட்டு வால்வைத் தாண்டித் தெளிப்பான்கள் இருக்கும் பக்கத்தில் சேர்க்கப்படுகிறது. வால்வு தவறுதலாக மூடப்பட்டிருந்தாலும் வண்டியிலிருந்து வரும் நீர் தெளிப்பான்களை அடையும்.

இதே முறையைப் பல தொகுதிகள் உள்ள கட்டடத்தில் பின்பற்றினால் சிக்கல் எழும். முதல் தொகுதியின் செங்குழாயில் மட்டும் இணைப்பைச் சேர்த்தால், அத்தொகுதியின் எச்சரிக்கை வால்வே ஒருவழி வால்வாகச் செயல்பட்டு நீர் பின்னோக்கிச் செல்வதைத் தடுத்துவிடும். இரண்டாம், மூன்றாம் தொகுதிகளுக்கு ஒரு சொட்டு நீரும் போகாது. வெளியே நிற்கும் தீயணைப்பு வீரருக்கு இது தெரிய வழியில்லை. ஆகவே, முதன்மை நீர்வழங்கல் வால்வுக்கும் தனித்தனித் தொகுதி வால்வுகளுக்கும் இடைப்பட்ட பொதுக்குழாயில் இணைப்பைச் சேர்க்கவேண்டும். கட்டடத்தில் பம்பு இருந்தால், அதன் வெளியேற்றும் பக்கத்திலேயே இணைப்பு சேரவேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பழுதுபார்க்க மூடப்பட்ட தொகுதிக்கு வண்டியின் நீரும் கிடைக்காது. ஆயினும் மற்றத் தொகுதிகள் அனைத்தும் பாதுகாப்பில் இருக்கும் என்பதால் இதுவே ஏற்கத்தக்கது.

அளவைத் தீர்மானிக்கும்போது எல்லாத் தொகுதிகளின் தேவையையும் கூட்டவேண்டியதில்லை. ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் தீ தொடங்கும் என்பது வடிவமைப்பின் அடிப்படை எடுகோள். எனவே மிக அதிகத் தேவையுள்ள தொகுதியைக் கணக்கில் கொண்டால் போதும். நிமிடத்திற்கு 250 அமெரிக்கக் கலனுக்கு (ஏறத்தாழ 950 லிட்டர்) ஒரு 2½ அங்குல வாய் என்பது நடைமுறைக் கணக்கு.

உயர்மாடிக் கட்டடங்களில் நிலைமை வேறு. நீரை 10 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தேவை. 100 மீட்டருக்கு உயர்த்த மட்டுமே 10 பார் செலவாகிறது. சாதாரணத் தெளிப்பான் உறுப்புகளின் தாங்குதிறனோ சுமார் 12 பார் (சதுர அங்குலத்திற்கு 175 பவுண்டு). மேல் மாடிகளுக்கு ஏற்ற அழுத்தத்தைக் கீழ் மாடிகளின் குழாய்களிலும் செலுத்தினால் அவை சிதையக்கூடும். ஆகையால் ஒவ்வோர் அழுத்த மண்டலத்திற்கும் தனி இணைப்பு அமைக்கப்படுகிறது.

தனித்தனி இணைப்புகள் இருக்குமிடத்தில், எந்த வாய் எந்தப் பகுதிக்குரியது என்ற அறிவிப்புப் பலகை கட்டாயம். மலிவான உறுப்பு இதுதான். அடிக்கடி விடுபட்டுப்போவதும் இதுதான்.

பிலடெல்பியா தீவிபத்து

1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவின் 38 மாடி 'ஒன் மெரிடியன் பிளாசா' கட்டடத்தில் 22ஆம் மாடியில் தீப்பற்றியது. மின்சாரம் முற்றிலும் தடைப்பட்டது. நிலைக்குழாய்களின் அழுத்தக் குறைப்பு வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் வீரர்களின் குழாய்களுக்குப் போதிய அழுத்தம் கிடைக்கவில்லை. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். மாடி மாடியாக ஏறிய தீ, தெளிப்பான்கள் பொருத்தப்பட்டிருந்த 30ஆம் மாடியில் நின்றது. அங்கே திறந்துகொண்டவை 10 தெளிப்பான்கள் மட்டுமே; அவற்றுக்கு நீர் அளித்தவை தெருவில் நின்ற தீயணைப்பு வண்டிகள்.

இடமும் மரையும்

இணைப்பு தெருவை நோக்கி, தரையிலிருந்து 18 முதல் 48 அங்குல உயரத்தில் அமையவேண்டும். என்.எஃப்.பி.ஏ 14இன்படி 100 அடிக்குள் தெருவோரத் தீயணைப்பு நீர்க்குழாய் ஒன்று இருக்கவேண்டும்.

வாயின் திருகுமரை உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் குழாய்களோடு பொருந்துவது இன்றியமையாதது. 1904இல் பால்டிமோர் நகரம் எரிந்தபோது பிற ஊர்களிலிருந்து உதவிக்கு வந்த பல வண்டிகளின் குழாய்களை அந்நகர நீர்க்குழாய்களில் பூட்ட இயலவில்லை. அதன் பிறகே சீர்தர மரைக்கான முயற்சி வலுப்பெற்றது. பிரித்தானிய மரபைப் பின்பற்றும் இந்தியாவில், மரையின்றி அழுத்திப் பூட்டும் 63 மி.மீ. இணைப்பிகள் பயன்படுகின்றன.