பற்றிக்கும் சவிரிமுத்துவும்: குடிசன மதிப்பேடுகள் சொல்லும் பெயர்க்கதை

முருங்கன் சந்தியில் நின்று ஒரு காலத்தில் "சந்தியோகு" என்று யாராவது உரக்கக் கூப்பிட்டிருந்தால் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அயர்லாந்தின் ஏதாவதொரு சிற்றூரில் "பற்றிக்" என்று கூப்பிட்டிருந்தால் அரைவாசி ஊரே திரும்பியிருக்கும். இவ்விரு ஊர்களின் பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை, அயர்லாந்தின் பழைய குடிசன மதிப்பேடுகளை இணையத்தில் புரட்டிய நாள் முதல் எனக்கு உண்டு.

1901, 1911 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டில் வீட்டுக்கு வீடு நிரப்பப்பட்ட தாள்களை அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர், வயது, சமயம், தொழில், பிறந்த இடம், எழுத்தறிவு, ஐரிஷ் மொழி தெரியுமா என்பன எல்லாம் அவற்றில் உண்டு. ஆண்களின் பெயர்களில் பற்றிக் முன்வரிசையில் நிற்கிறது. அப்பெயருக்கு எதிரே சமயம் என்ற கட்டத்தில் மிகப் பெரும்பாலும் றோமன் கத்தோலிக்கம் என்றே இருக்கும். ஒரு வீட்டில் பாட்டனும் பற்றிக், பேரனும் பற்றிக். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரை இடுவது அங்கே பரவலான வழக்கம். நமக்கு இது புதிதல்ல. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதனால்தானே தமிழில் அவன் "பெயரன்", அதாவது பேரன்! 1901இல் பற்றிக் என்று எழுதிய சிலர், மொழியுணர்ச்சி மேலோங்கிய 1911இல் அதே பெயரை ஐரிஷ் வடிவத்தில் பதிந்தார்கள்.

ஆனால் பற்றிக், அயர்லாந்தில் ஆதிகாலம் தொட்டு எல்லோரும் வைத்த பெயர் அன்று. புனித பத்திரிசியார் வாழ்ந்தது ஐந்தாம் நூற்றாண்டில். அவருடைய பெயரை மக்கள் தம் பிள்ளைகளுக்குப் பரவலாக இட்டதோ பதினேழாம் நூற்றாண்டை ஒட்டித்தான் என்பது பெயராய்வாளர் கருத்து. அதற்கு முன்னர் அப்பெயரை நேரே சூட்டக் கூசி, "பத்திரிசியாரின் அடியான்" என்னும் பொருள்படும் பெயர்களையே வைத்தார்கள். முருகதாசன், அந்தோனிதாசன் என்று பெயர் வைக்கும் நமக்கு அந்தக் கூச்சம் உடனே விளங்கும்.

அதே 1901 மார்ச் மாதத்தில் இலங்கையிலும் குடிசன மதிப்பு நடந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் எழுதிய அறிக்கை இன்றும் வியந்து படிக்கத்தக்கது. ஆயினும் நம் கையில் எஞ்சியிருப்பவை தொகைகளே. மன்னாரில் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று அவற்றில் அறியலாம். சந்தியோகு எத்தனை பேர் என்று அறிய இயலாது. அதற்குக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளைத்தான் நாட வேண்டும்.

பெயர் ஒரு கடிகாரம். சந்தியோகு, மனுவேல், பஸ்தியான் என்பவை போர்த்துக்கேயர் வாயிலாக வந்தவை. 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தும் அப்பெயர்கள் அழியவில்லை. சவேரியாருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது 1622இல்; சவிரிமுத்துக்கள் பெருகியது பெரும்பாலும் அதன் பின்னராகவே இருக்க வேண்டும். லூர்து அன்னையின் காட்சி 1858இல்; எனவே எந்த லூர்தம்மாவும் அதற்கு முற்பட்டவர் அல்லர். பற்றிக் என்ற பெயர் நம்மிடையே பழக்கமானதில் 1850இல் தொடங்கி 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி என்று பெயர் பெற்ற யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கும் பங்குண்டு.

அக்கல்லூரியின் அதிபராக இருந்த அயர்லாந்துக்காரர் லோங் அடிகளார், யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடத்துக்காகப் பெரிதும் உழைத்தவர். அவருடைய தாய்நாட்டில் 1922 ஜூனில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முற்பகுதியின் குடிசனத் தாள்களில் பெரும்பகுதி அதில் சாம்பலாயிற்று. 1881, 1891ஆம் ஆண்டுத் தாள்களோ முதல் உலகப் போர்க்காலத்தில் கூழாக்கப்பட்டிருந்தன. 1901ஆம் ஆண்டுத் தாள்கள் தப்பியது தற்செயலே. அடிகளார் பாடுபட்ட நூலகம் 1981 மே இறுதியில் எரிக்கப்பட்டதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டியதில்லை.

அந்த 1981இல்தான் மன்னார் மாவட்டத்தில் கடைசியாக முழுமையான குடிசன மதிப்பும் நடந்தது. தொகை ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்குச் சற்று மேல். 1991இல் மதிப்பே இல்லை. 2001இல் அங்கு முழுமையாக எடுக்க இயலவில்லை. அடுத்த முழு மதிப்பு 2012இல். தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. முப்பத்தொரு ஆண்டுகளில் மக்கள்தொகை வளரவேண்டிய ஒரு மாவட்டம் சுருங்கியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், மண்டபம் முகாமுக்குப் படகேறியவர்கள், மண்ணுக்குள் போனவர்கள் எல்லாரும் அந்தக் கழித்தற்கணக்கில் அடக்கம். ஆனால் கணக்கில் எவருக்கும் பெயர் இல்லை.

மன்னாருக்கு இது முதல் தடவையும் அன்று. 1544இல் சங்கிலி மன்னனின் படையால் இங்கே கொல்லப்பட்ட கிறிஸ்தவர்கள் அறுநூறு பேர் என்று மரபு சொல்கிறது. எண் நிலைத்தது, பெரும்பாலானோரின் பெயர் நிலைக்கவில்லை.

இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களில் நம்மவர் தந்தையின் பெயரை எழுதுகிறார்கள். சவிரிமுத்து என்னும் ஒரு மனிதரின் பெயர், அவரை அறியாத கொள்ளுப்பேரர்களின் குடும்பப் பெயராக உறைந்துபோகிறது. அவர் எந்த ஊர், எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதை யாராவது எழுதி வைத்தாலன்றி, அது வெறும் ஒலியாகிவிடும். ஊர்க்கோவில்களின் பதிவேடுகளைப் படமெடுத்துக் காப்பது பெருஞ்செலவான காரியம் அன்று. வீட்டில் முதியவர் ஒருவர் இருக்கும்போதே, அவருக்கு நினைவுள்ள பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்பதற்குச் செலவே இல்லை.